இடைக்கால ஐரோப்பிய ஓவியச் சுவடிகள்ல நைட், சீமாட்டி, அரண்மனை எல்லாம் எப்படி பாக்குறது

தங்கம் மின்னுற பேக்ரவுண்ட், குதிரை மேல கவசம் போட்ட ஆளு (இவர்தான் நைட், அந்த காலத்து குதிரை வீரர்), மேல மதில்ல சாஞ்சுகிட்டு ஒரு பொண்ணு, இந்த மாதிரி படத்த எங்கயாவது பாத்திருப்பீங்க. இலுமினேட்டட் மேனுஸ்கிரிப்ட்னு சொல்வாங்க, அதாவது அச்சு வர்றதுக்கு முன்னாடி தோல்ல கையால எழுதி, தங்கமும் கலரும் வெச்சு அலங்காரம் பண்ண புத்தகம். பாத்துட்டு செமயா இருக்குன்னு ஒரு லைக்க போட்டுட்டு போயிருவோம், நானும் வருஷக்கணக்கா அப்படித்தான் போயிட்டு இருந்தேன். எப்படி பாக்கணும்னு கொஞ்சம் தெரிஞ்சுட்டா ஒரே பக்கத்துல ஒரு சாயங்காலமே போயிரும். நான் தட்டுத்தடுமாறி கத்துகிட்டத இங்க எழுதுறேன், வரிசை கொஞ்சம் முன்னபின்ன இருக்கும், பொறுத்துக்கோங்க.

முதல்ல முழுப்பக்கத்த பிடிங்க. நெட்ல சுத்துற படம் பெரும்பாலும் நடுவுல மட்டும் வெட்டி எடுத்தது, ஓரம் இருக்காது, எழுத்து இருக்காது, எந்த புத்தகம்னே இருக்காது. நேரா லைப்ரரி சைட்டுக்கே போயிருங்க. பிரான்ஸ் தேசிய நூலகத்தோடது காலிக்கா, ஜெர்மனில ஹைடல்பெர்க் யுனிவர்சிட்டி லைப்ரரி, சுவிட்சர்லாந்து சுவடிகளுக்கு ஈ-கோடிசஸ், எல்லாமே ஃப்ரீ, ஜூம் பண்ணா தோல்ல இருக்குற முடித்துளை வரைக்கும் தெரியும். லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரி சைட்ல 2023 அக்டோபர்ல சைபர் அட்டாக் நடந்து ஸ்கேன் எல்லாம் போச்சு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா திரும்ப ஏத்திகிட்டு இருக்காங்க. இன்னொண்ணு, இதுல பெரும்பாலும் பக்க நம்பர் கிடையாது, தாள் நம்பர்தான். ஒரு தாளோட முன்பக்கம் ரெக்டோ, பின்பக்கம் வெர்சோ. "202 வெர்சோ"ன்னா 202ஆவது தாளோட பின்பக்கம். இது தெரியாம நான் தப்பான பக்கத்த பாத்துகிட்டு "எங்கய்யா குதிரை"ன்னு தேடினதெல்லாம் உண்டு.

அளவையும் பாத்துக்கோங்க. ஸ்க்ரீன்ல எல்லாமே ஒரே சைஸாத்தான் தெரியும். ஆனா நியூயார்க்ல இருக்குற ஜீன் டெவ்ரூ ராணியோட ஜெப புத்தகம் உள்ளங்கைல அடங்கிரும், 9 சென்டிமீட்டர் உயரம்தான். ஹைடல்பெர்க்ல இருக்குற மனெஸ்ஸெ சுவடி 35 சென்டிமீட்டர், மேஜைல வெச்சு நாலு பேர் சுத்தி நின்னு பாக்கலாம். ஒருத்தர் கைக்குள்ள வெச்சு ரகசியமா பாக்குற படமும் சபைல காட்டுற படமும் ஒண்ணா இருக்காதுல்ல.

அடுத்து என்னோட முக்கியமான பாயிண்ட், மத்த எல்லாத்தையும் மறந்தாலும் இத மறக்காதீங்க: காசு யார் குடுத்தாங்கன்னு கேளுங்க. இந்தப் படம் எதுவும் அரண்மனைக்குள்ள போயி கேண்டிடா எடுத்த ஃபோட்டோ கிடையாது, காசு குடுத்தவர் தன்னை ஊரு எப்படி நெனைக்கணும்னு ஆசைப்பட்டாரோ அதுதான் தோல்ல ஏறியிருக்கு.

உதாரணத்துக்கு லட்ரெல் சால்டர். இங்கிலாந்துல லிங்கன்ஷயர் பக்கம் அர்ன்ஹம்னு ஒரு ஊரு, அங்க இருந்த சர் ஜெஃப்ரி லட்ரெல் செஞ்சு வாங்கின புத்தகம், பைபிள்ல இருக்குற சங்கீதங்கள்ங்கிற ஜெபப் பாட்டுங்களோட தொகுப்பு, சுமாரா 1325-1340க்குள்ள. அதோட 202 வெர்சோவ தொறங்க. ஜெஃப்ரி முழு கவசத்துல குதிரை மேல உக்காந்திருக்காரு, கீழ ரெண்டு பொம்பளைங்க, ஒருத்தர் தலைக்கவசத்த நீட்டுறாங்க, ஒருத்தர் கேடயத்தோட நிக்குறாங்க. காதலிகள்னு நெனச்சுராதீங்க, ஒருத்தர் சம்சாரம் ஆக்னஸ், இன்னொருத்தர் மருமக பியாட்ரிஸ். இப்போ கணக்கு போடுங்க. ஜெஃப்ரி பொறந்தது 1276. அப்போ இந்தப் படம் வரையும்போது வயசு கிட்டத்தட்ட அம்பதாவது இருக்கும், அறுபத கூட தாண்டியிருக்கலாம். ஆனா படத்துல நாளைக்கு காலைல சண்டைக்கு கெளம்புற மாதிரி போஸ். மேல லத்தீன்ல "ஜெஃப்ரி லட்ரெல் பிரபு என்னை செய்வித்தார்"னு புத்தகமே பேசுது. அவரோட சின்னம் நீலத்துல வெள்ளிப் பட்டையும் ஆறு குருவியும், அந்த குருவிக்கு கால் இருக்காது, ஹெரால்ட்ரில, அதாவது இந்த குலச்சின்னங்களோட சாஸ்திரத்துல, அது ஒரு தனி ஜாதி பறவை. அந்த சின்னம் அந்த ஒரு பக்கத்துல எத்தனை எடத்துல வருதுன்னு எண்ணுங்க. கேடயம், கொடி, சேணம், குதிரைத் துணி, தோள்ல இருக்குற சின்ன பலகை, அந்த பொம்பளைங்க டிரெஸ் வரைக்கும். நான் எண்ணும்போது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நம்பர் வரும், அது வேற விஷயம். மறந்துராதீங்க, இது சாமி கும்பிடுற புத்தகம்!

சரி, ஹெரால்ட்ரி. இத முழுசா கத்துக்கணும்னா ஒரு ஆயுசு வேணும், நமக்கு அவ்வளவு தேவையில்ல. தங்கமும் வெள்ளியும் உலோகம், சிவப்பு நீலம் பச்சை கறுப்பு ஊதா எல்லாம் கலர், உலோகத்து மேல உலோகமோ கலர் மேல கலரோ வரக்கூடாது, தூரத்துல இருந்து பாத்தா தெரியணும்ல, அதான். ஜெருசலேம் அரசோட சின்னத்துல வெள்ளி மேல தங்கச் சிலுவை, வேணும்னே ரூல மீறினதுன்னு சொல்வாங்க. ஒரு படத்துல சின்னம் தெளிவா இருந்தா பாதி வேலை முடிஞ்சுது, ஆளு யாருன்னு தேடிரலாம். சில சமயம் பேரையே படமா வெச்சிருப்பாங்க. ஷ்ரூஸ்பரி புத்தகம்னு ஒண்ணு, 1444-45ல ஜான் டால்பட் பிரபு இங்கிலாந்து ராணியாகப் போற மார்கரெட்டுக்கு பரிசா குடுத்தது. அதுல டால்பட் முட்டி போட்டு புத்தகத்த நீட்டுறாரு, பின்னாடி ஒரு வெள்ளை நாய் நிக்குது. அந்த ஜாதி நாய்க்கு பேரே டால்பட். மனுஷன் தன் விசிட்டிங் கார்டையும் கூடவே நடத்தி கூட்டிட்டு வந்திருக்காரு.

இங்க ஒரு பெரிய பள்ளம் இருக்கு, நானே விழுந்திருக்கேன். கறுப்பு கவசம், கறுப்பு கேடயம் போட்ட நைட்ட பாத்ததும் வில்லன்னு முடிவு கட்டிராதீங்க. வெள்ளித் தகடு வெச்சு வரைஞ்சா நாளாக நாளாக கறுத்துரும். தங்கம் அப்படியே இருக்கும், வெள்ளி செத்துரும். ஈய வெள்ளையும் சில சமயம் கறுத்துரும், அப்போ முகமெல்லாம் கரி பூசின மாதிரி ஆயிரும். அதனால கறுப்ப பாத்தா ஜூம் பண்ணி, ஓரத்துல சாம்பல் கலரா ஒரு பளபளப்பு மிச்சம் இருக்கான்னு பாருங்க, இருந்தா அந்த ஆளு ஒரு காலத்துல ஜொலிச்சவரு. நீலத்துக்கும் ஒரு கதை உண்டு, நல்ல ஆழமான நீலம்னா பெரும்பாலும் அது லாபிஸ் லசூலி கல்லு அரைச்சு எடுத்தது, கல்லு வந்தது ஆப்கானிஸ்தான் படக்ஷான் மலைல இருந்து. அதனால ஒரு பக்கத்துல நீலம் வாரி இறைச்சிருந்தா அதுவே ஒரு செய்தி, காசு இருக்குன்னு கத்துறாங்க. தங்கத்துக்கு கீழ சுண்ணம் மாதிரி ஒரு மேடு போட்டு, மேல தங்க இலைய ஒட்டி, நாய்ப்பல்லாலயோ கல்லாலயோ தேச்சு தேச்சு பாலிஷ் பண்ணுவாங்க. மெழுகுவத்தி வெளிச்சத்துல பக்கத்த திருப்பும்போது அது மின்னி மின்னி அடங்கும், ஸ்கேன்ல அது மட்டும் வரவே வராது.

காலத்த கண்டுபிடிக்க கதைய நம்பாதீங்க, கவசத்த நம்புங்க. ஏன்னா அந்த பெயிண்டர்களுக்கு பழங்காலம்னு ஒரு தனி டிரெஸ்ஸே கிடையாது. ட்ராய் யுத்தமா இருந்தாலும் அலெக்சாண்டரா இருந்தாலும் பைபிள் ராஜாவா இருந்தாலும் தன் தெருவுல நேத்து பாத்த நைட் மாதிரியே வரைஞ்சு வெச்சிருவாங்க. நியூயார்க் மார்கன் லைப்ரரில இருக்குற குருசேடர் பைபிள் இதுக்கு சூப்பர் உதாரணம், 1240கள் வாக்குல பிரான்ஸ்ல வரைஞ்சது, சவுலும் தாவீதும் சண்டை போடுறாங்க ஆனா எல்லாரும் சங்கிலிக் கவசம் போட்ட பிரெஞ்சுக்காரங்க. அந்த புத்தகம் 1608ல பாரசீக மன்னர் ஷா அப்பாஸுக்கு பரிசா போயிருக்கு, அதனால ஓரத்துல பாரசீக எழுத்துல குறிப்பெல்லாம் இருக்கும். சுருக்கமா சொன்னா உடம்பு பூரா சங்கிலிக் கவசமும் மேல ஒரு நீளமான துணி அங்கியும்னா 13ஆம் நூற்றாண்டு பக்கம், தோள்ல அந்த சின்ன பலகை இருந்தா 1270ல இருந்து 1350க்குள்ள, தலைலருந்து கால் வரைக்கும் மடமடன்னு தகடுன்னா 15ஆம் நூற்றாண்டு. பொம்பளைங்க தலைல கூம்பு மாதிரி உசரமா தொப்பி இருந்தாலும் 15தான்.

இப்போ கைய பாருங்க. முகத்துல பெருசா ஒண்ணும் தெரியாது, எல்லாரும் ஒரே மாதிரி சாந்தமா இருப்பாங்க, வயித்துல ஈட்டி குத்தினவன் உட்பட. பேச்செல்லாம் கைலதான் இருக்கு. ஒரு விரல நீட்டினா பேசுறாரு இல்ல உத்தரவு போடுறாரு. கன்னத்துல கை வெச்சா துக்கம், யோசனை. ராஜா கால் மேல கால் போட்டு உக்காந்தா அது திமிரு இல்ல, அதிகாரம், நீதி சொல்ற போஸ். மோவாய தொட்டா, சரி, அது காதல்தான். முக்கியமா ரெண்டு கையையும் கூப்பி முட்டி போட்டு இன்னொருத்தர் கைக்குள்ள குடுக்குறத கவனிங்க, அது ஒரு குறுநில ஆளு தன் பிரபுவுக்கு "நான் உங்க ஆளு"ன்னு சத்தியம் பண்ற சடங்கு. அதே போஸ்ல ஒரு நைட் ஒரு சீமாட்டி முன்னாடி முட்டி போட்டா என்ன அர்த்தம்? பிரபு எடத்துல பொண்ண வெச்சுட்டான். இந்த அரசவைக் காதல்ங்கிற மொத்த விளையாட்டோட கிராமரே அதுதான், காதலி எஜமானி, காதலன் சேவகன். படத்துல மட்டும்தான். வெளிய போனா அந்த சீமாட்டியோட நிலம், கல்யாணம் எல்லாத்தையும் அப்பனும் அண்ணனும் புருஷனும்தான் முடிவு பண்ணுவாங்க.

இதெல்லாம் ஒரே எடத்துல பழகணும்னா மனெஸ்ஸெ சுவடிக்கு போங்க, ஆரம்பிக்கிறவங்களுக்கு இத விட நல்லது கிடையாதுன்னு நான் அடிச்சு சொல்லுவேன். ஸூரிக் நகரத்துல சுமாரா 1300ல இருந்து 1340 வரைக்கும் செஞ்சது, 426 தாள், ஜெர்மன்ல காதல் பாட்டு எழுதின கவிஞர்களோட தொகுப்பு, மொத்தம் 137 முழுப்பக்கப் படம். அதுல 110 ஒரே பெயிண்டர் போட்டது, மீதிய மூணு பேர் போட்டிருக்காங்க, கொஞ்ச நேரம் பாத்தாலே கை மாறுறது தெரியும். கவிஞர்கள வரிசைப்படுத்தினது பாட்டோட தரத்த வெச்சு இல்ல, அந்தஸ்த வெச்சு. முதல்ல சக்கரவர்த்தி ஆறாம் ஹைன்ரிச், அப்புறம் ராஜாக்கள், டியூக்குகள், அப்புறம்தான் சாதாரண ஆளுங்க. 249 வெர்சோல கொன்ராட் ஃபான் ஆல்ட்ஷ்டெட்டென், ஒரு மரத்தடில பொண்ணு மடில சாஞ்சிருக்காரு, கைல வல்லூறு. வல்லூறு சும்மா செல்லப்பிராணி இல்ல, பழக்கி எடுத்த வேட்டைப் பறவை, காதலும் வேட்டைதான்னு அந்த காலத்து பேச்சு. ஆனா படத்த பாத்தா அந்தப் பொண்ணு மேல குனிஞ்சு அவரை வளைச்சு பிடிச்சிருக்கா. யாரு வேட்டைக்காரர், யாரு எரைன்னு நீங்களே சொல்லுங்க.

பக்கத்துல இருக்குற எழுத்தையும் விடாதீங்க, மொழி தெரியாட்டியும் மொழிபெயர்ப்பு கெடைக்கும். 124 ரெக்டோல வால்தர் ஃபான் டெர் ஃபோகல்வைடெ ஒரு கல்லு மேல கால் மேல கால் போட்டு, மோவாய கைல தாங்கி உக்காந்திருக்காரு. ஏன்னா அவரோட பாட்டே அப்படித்தான் ஆரம்பிக்குது, பெயிண்டர் வரிக்கு வரி வரைஞ்சிருக்காரு. 237 ரெக்டோல உல்ரிச் ஃபான் லிஷ்டென்ஷ்டைன், தலைக்கவசத்து மேல காதல் தெய்வம் வீனஸ் தேவியோட உருவம். இந்த மனுஷன் 1227ல வீனஸ் தேவி மாதிரி பொம்பளை வேஷம் கட்டிகிட்டு வெனிஸ் பக்கத்துல இருந்து பொஹீமியா (இப்போதைய செக் நாட்டுப் பக்கம்) வரைக்கும் ஊரூரா போயி சண்டை போட்டு 307 ஈட்டி உடைச்சேன்னு தானே எழுதி வெச்சிருக்காரு. காதலிக்காக விரல வெட்டி அனுப்பினேன்னும் எழுதியிருக்காரு. நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம், எனக்கு பாதிக்கு மேல டவுட்டு. கதை தெரியாம படத்த பாத்தா அந்த வீனஸ் வெறும் டெக்கரேஷன்னு போயிரும். அதே மாதிரிதான் ஆர்தர் ராஜாவோட நைட் லான்சலாட்டோட கதைல வர்ற வண்டி. ஒரு நைட் மாட்டு வண்டி மாதிரி ஒண்ணுல உக்காந்து போறத வரைஞ்சிருப்பாங்க, நமக்கு ஒண்ணும் தோணாது. ஆனா அந்த கதைல குத்தவாளிய ஏத்துற வண்டி அது, நைட் அதுல ஏறினா மானம் போச்சு. ராணிய தேடி போறதுக்காக ஏறுறான், ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டே ரெண்டு அடி தயங்கினான், அந்த ரெண்டு அடிக்கு ராணி கோவிச்சுகிட்டா!

விருந்து, ரூம், டிரெஸ் மாதிரி அரண்மனை வாழ்க்கை பாக்கணும்னா பாரிஸ் பக்கத்துல ஷாண்டியில இருக்குற, பெர்ரி டியூக்ங்கிற பிரெஞ்சுப் பெரிய பிரபுவோட ஜெப புத்தகம். லிம்போர்க் சகோதரர்கள்னு மூணு பெயிண்டர்கள் 1411 வாக்குல ஆரம்பிச்சாங்க, 1416ல மூணு பேரும் செத்துட்டாங்க, டியூக்கும் அதே வருஷம் செத்தாரு, வேலை பாதில நின்னு அப்புறம் வேற ஆளுங்க முடிச்சாங்க. ஜனவரி பக்கத்த தொறங்க. டியூக் எங்க இருக்காரு? நடுவுல தேடினா கெடைக்க மாட்டாரு, வலது பக்கம் நீல அங்கில இருக்காரு. அவரு தலைக்கு பின்னாடி வட்டமா ஒண்ணு இருக்குல்ல, சாமி படத்துல ஒளிவட்டம் மாதிரி, அது அடுப்பு அனல தடுக்குற பிரம்புத் தட்டி. பெயிண்டர் அத சரியா அந்த எடத்துல வெச்சது தற்செயல்னு நான் நம்பல. மேஜைல தங்கத்துல கப்பல் மாதிரி ஒரு பாத்திரம், உப்பு அது இதுன்னு வெக்கிறது, அதோட ரெண்டு முனைலயும் கரடியும் அன்னமும், ரெண்டும் அவரோட சின்னம். மேஜை மேலயே ரெண்டு குட்டி நாய் ஏறி தின்னுகிட்டு இருக்கு, யாரும் வெரட்டல. பின்னாடி பெரிய சண்டை நடக்குதேன்னு பயந்துராதீங்க, அது சுவர்ல தொங்குற திரை, ஆனா எங்க திரை முடிஞ்சு எங்க ஆளுங்க ஆரம்பிக்கிறாங்கன்னு தெரியாத மாதிரி கலந்து விட்டிருக்காங்க. அப்படியே ஒரு பக்கம் திருப்பி பிப்ரவரிக்கு வந்தா வெளிய பனி, விவசாயிங்க துணிய தூக்கிகிட்டு அடுப்புல குளிர் காயுறாங்க, கொஞ்சம் அசிங்கமாவே வரைஞ்சிருக்கும். ஆகஸ்ட்ல முன்னாடி பிரபுக்கள் வல்லூறோட சவாரி, பின்னாடி வயல்ல அறுவடை, நடுவுல ஆத்துல சில பேரு அம்மணமா குளிக்கிறாங்க. யாரு வேர்வை சிந்துறா, யாரு சவாரி போறான்னு தேடிப் பாருங்க, ரெண்டையும் ஒரே பக்கத்துல வெச்சிருக்காங்க.

ஓரத்துல இருக்குற கூத்த தனியா பாக்கணும். நடுவுல வீரமும் ஜெபமும் ஓடிகிட்டு இருக்கும், மார்ஜின்ல நைட் ஒரு நத்தைகிட்ட சண்டை போட்டு பயந்து கத்திய கீழ போட்டுட்டு நிப்பான். 13ஆம் நூற்றாண்டு கடைசி, 14ல இது எக்கச்சக்கம். ஏன் நத்தைன்னு ஆளாளுக்கு ஒரு விளக்கம் குடுக்குறாங்க, எனக்கு எதுவும் முழுசா ஒத்துவரல. ஸ்மித்ஃபீல்டு டெக்ரெட்டல்ஸ்னு ஒரு சர்ச் சட்ட புத்தகம், அதோட கீழ் ஓரத்துல முயலுங்க ஒரு வேட்டைக்காரன பிடிச்சு கட்டி, விசாரணை பண்ணி, தலைய வெட்டுதுங்க. பக்கம் பக்கமா காமிக்ஸ் மாதிரி போகும். லட்ரெல் சால்டர்ல 75 வெர்சோல காதல் கோட்டை முற்றுகை இருக்கு, நைட்டுங்க கோட்டைய தாக்குறாங்க, மேல இருந்து பொண்ணுங்க பூவ எறியுறாங்க.

டோர்னமென்ட், அதாவது நைட்டுங்க மோதுற போட்டி, அத பத்தி தெரிஞ்சுக்க ஆசைன்னா பிரான்ஸ்ல ஆன்ஜூங்கிற பகுதிய ஆண்ட ரெனே மன்னர் எழுதின டோர்னமென்ட் புத்தகத்த காலிக்கால தேடுங்க, 1460 வாக்குல எழுதினது, அதுவே ஒரு கைடு புக்குதான். அதுல எனக்கு பிடிச்ச பக்கம் சண்டையே இல்லாதது. கலந்துக்குற எல்லாரோட தலைக்கவசமும் வரிசையா அடுக்கி வெச்சிருக்கு, சீமாட்டிங்க சுத்தி வந்து பாக்குறாங்க, தன்னைப் பத்தி தப்பா பேசினவனோட கவசத்த ஒரு பொண்ணு தொட்டுட்டா போதும், ஆளுக்கு அடுத்த நாள் மைதானத்துல செம அடி. வாளு கூட மொட்டை வாளுதான்னு ரூல் போட்டிருக்காரு.

ஏமாறாம இருக்கவும் ஒரு வார்த்தை. வாள தோள்ல வெச்சு நைட் பட்டம் குடுக்குற சீமாட்டி, நீளமான முடி, வழவழன்னு வெளிச்சம், இப்படி ஒரு படம் இடைக்காலம்னு ஓடிகிட்டு இருக்கும், அது 1901ல இங்கிலாந்துல வரைஞ்ச ஆயில் பெயிண்டிங். இன்னும் கில்லாடி ஒருத்தர் இருக்காரு, பேரு தெரியாது, ஸ்பானிஷ் ஃபோர்ஜர்னு கூப்பிடுறாங்க. 19ஆம் நூற்றாண்டு கடைசிலருந்து 20 ஆரம்பம் வரைக்கும், நெஜமான பழைய தாள்ல எழுத்த சுரண்டிட்டு மேல புதுசா நைட்டு, சீமாட்டி, செஸ் ஆட்டம், வல்லூறு வேட்டைன்னு வரைஞ்சு வித்திருக்காரு. மியூசியமே ஏமாந்திருக்கு. 1930ல மார்கன் லைப்ரரியோட பெல் ட கோஸ்டா கிரீன்தான் முதல்ல பிடிச்சாங்க. அப்புறம் டெஸ்ட் பண்ணி பாத்தா சில பச்சைல ஆர்செனிக் கலந்த கலர், அது 1800க்கு அப்புறம் வந்த சரக்கு. அடையாளம் என்னன்னா முகமெல்லாம் இனிப்பா, லேசா நக்கலா சிரிக்கும், டிரெஸ்ஸோட கழுத்து ரொம்ப எறக்கம், கோட்டை எல்லாம் பொம்மை மாதிரி. ரொம்ப ரொமாண்டிக்கா இருந்தா ரெண்டு தடவை பாருங்க.

இப்போ ஒரு பக்கம் தர்றேன், நீங்களே பாருங்க. மனெஸ்ஸெ, 71 வெர்சோ, கிறிஸ்டான் ஃபான் ஹாம்லெ. கோபுரத்து மேல இருந்து கயிறு தொங்குது, அதுல கட்டின தொட்டில கவிஞர் உக்காந்து ரகசியமா மேல போறாரு. சின்னம் எங்க, கை என்ன சொல்லுது, கலர் எது செத்துருக்குன்னு வரிசையா பாத்துட்டு, கடைசியா மேல அந்த ராட்டினத்த சுத்துறது யாருன்னு பாருங்க. வேலைக்காரன் யாரும் இல்ல, சீமாட்டியே சுத்திகிட்டு இருக்கா.